பெட்டிக்கு உரிய டிரைவர்

ராசிபுரத்திலிருந்து சேலம் போகும் பேருந்தில், என் முன் இருக்கைப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம், "இன்னிக்கு ஒரு டிரைவரத் தூக்கிட்டேனுங்க அண்ணி" என்றாள். அவள் கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்கியது.

"பஸ்ஸு டிரைவரா?" என்றார் அண்ணி.

"இல்லீங்க. எங்க லேப்புல கரண்டோட அலையக் காட்டுற ஆசிலாஸ்கோப்பு இருக்குது. அந்தப் பெட்டியும் கம்ப்யூட்டரும் பேசிக்கிறதுக்கு ஒரு புரோகிராம் வேணும். அதுக்குப் பேருதான் டிரைவர். போன வாரம் புதுசா ஒரு சாஃப்ட்வேர் போட்டாங்க. அது தன்னோட டிரைவரையும் உள்ள திணிச்சிருச்சு. அதுல இருந்து பெட்டி பேசவே இல்ல."

"அப்புறம்?"

"நாளைக்குப் பரீட்சைங்க. பெட்டி போச்சு, வேற வாங்கோணும்னு சாருங்க எல்லாம் சொல்லிட்டாங்க. லேப் அட்டெண்டரு நான் என்னத்தச் சொல்றது? ஆனா மனசு கேக்கல. திணிச்சத எடுத்துட்டு, பெட்டியோட சொந்த டிரைவரத் திரும்பப் போட்டேன். திரையில அலை வந்திருச்சுங்க."

"சாருங்க என்ன சொன்னாங்க?"

"லேப்பப் பாத்துக்குற சாரு, செஞ்சத அப்படியே எழுதிச் சுவத்துல ஒட்டச் சொன்னாரு. கீழ பேரும் போடச் சொன்னாரு."

"அட்டெண்டர்னு போட்டியா?"

"இல்லீங்க அண்ணி. சுமதின்னு மட்டும் போட்டேன்."