பென்சில் மதிப்பெண்

எனக்குத் தேநீரில் சர்க்கரை வேண்டாம், டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். மற்றபடி நீங்கள் எதைக் கேட்டாலும் சொல்கிறேன். விசாரணைக்குப் பயந்து உளறுகிற ஆள் நானில்லை.

பணியாளர் தேர்வாணையத்துக்குப் பதினோரு வருஷம் தலைவராக இருந்தேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களை அமைச்சர் வீட்டு வாட்ச்மேன்கூடப் போனில் மிரட்டுவான். நான் வந்து அதற்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். எந்தப் பெயருக்குச் சிபாரிசு வருகிறதோ, அந்தப் பெயர் நேர்காணலில் ஊற்றிக்கொள்ளும். அவ்வளவுதான். என் மனைவியின் தம்பியே ஒருமுறை, "அத்தான், பையனுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டான். பையனுக்கு நூற்றுக்கு ஒன்பது கிடைத்தது. மச்சான் அதன்பிறகு எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

நேர்காணலில் உறுப்பினர்கள் மதிப்பெண்ணைப் பென்சிலில்தான் போடுவார்கள். எல்லாம் பேசி முடித்தபிறகு, தலைவர் அதன்மேல் பேனாவால் எழுதுவார். ஆணையம் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். ரப்பர் என் மேஜையில் இருக்கும்.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கிற அந்தப் பெண் ஒரு தையல்காரரின் மகள். எழுத்துத் தேர்வில் முதலிடம். வயது வரம்புப்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. நேர்காணலில் டக் டக்கென்று பதில் சொன்னாள். எனக்கே பிடித்திருந்தது, அதை ஏன் மறுக்க வேண்டும்? எண்பத்திரண்டு. அன்று சாயங்காலம் அமைச்சரின் உதவியாளர் போன் செய்தார்.

"சார், அந்தத் தையல்காரர் பொண்ணு நம்ம பொண்ணுதான். கொஞ்சம் பாத்துக்கங்க."

பார்த்துக்கொண்டேன். முப்பத்தொன்று.

உறுப்பினர்களில் ஒருவர் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. பட்டியலைப் பார்த்துவிட்டு, "நான் எண்பதுக்கு மேல போட்டேனே, எங்க போச்சு?" என்றார்.

"போன் வந்த பேரும்மா. ரப்பர் சாப்பிட்டுடுச்சு."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டார். அவரையும் கூப்பிட்டு விசாரியுங்கள்.

போன் வந்த விஷயத்தை அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னவரும் அவர்தான். ஒரு வாரத்தில் அவள் என் அறைக்கே வந்து நின்றாள். அழவில்லை.

"அமைச்சரை நான் டிவியிலதான் சார் பாத்திருக்கேன். எனக்கு அடுத்த ரேங்க் அவரோட அக்கா பையன். உங்க பழக்கம் ஊருக்கே தெரியும். தெரிஞ்சுதானே சார் என் பேரைச் சொல்லியிருக்காங்க?"

அவள் சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. நான் ஒன்றும் மண்டு இல்லை. சொல்லப்போனால், இரண்டு வருஷம் முன்பே வேறொரு பையன் விஷயத்தில் புரிந்துவிட்டது. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். அமைச்சர் தந்திரம் செய்கிறார் என்று நான் என் விதியை மாற்றினால், அவருக்காக நான் வளைந்ததாக ஆகாதா?

"நான் பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லப்போறேன் சார்," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அரசியல் செல்வாக்கைப் பயன்படுத்த முயன்றவர் என்று அவளுடைய கோப்பில் எழுதி, எந்த அரசு வேலைக்கும் போகமுடியாதபடி வாழ்நாள் தடை போட்டேன். கடிதத்தை நானே டைப் செய்தேன். இந்த மாதிரி விஷயத்தில் பிழை வரக்கூடாது. கடிதம் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் துணியில் சுற்றி அவள் அப்பாவிடம் கொடுத்தார்கள்.

அவர் என்னைப் பார்க்க வந்தார். சட்டைப் பையில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. "என் பொண்ணு யாருகிட்டயும் போய் நின்னதில்லைங்க. அந்த ஒரு வரியை மட்டும் அடிச்சுடுங்க, போதும்," என்றார்.

முடியாது என்றேன். பேனாவில் எழுதியதை அடிக்கும் வழக்கம் ஆணையத்தில் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணை அழித்தது நான். தடை போட்டது நான். அவள்மேல் தப்பில்லை என்று தெரிந்தே போட்டேன். அவளைப்போல இன்னும் பதினாறு பேருக்குத் தெரிந்தே மதிப்பெண்ணை அழித்திருக்கிறேன், பெயர்களைக்கூடச் சொல்கிறேன். ஆனால் யாரோ என்னை ஆட்டிவைத்தார்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். சந்தேகமிருந்தால் அமைச்சரையே கேளுங்கள். என் பதவிக்காலம் முடிந்தபோதெல்லாம் நீட்டித்துக் கொடுத்தவர் அவர்தான், இரண்டு முறை. யார் பேச்சையும் கேட்காத மனுஷன் என்று அவருக்கு என்மேல் அவ்வளவு மரியாதை.