நாலரை மணிக்கு நின்ற காற்றாலை

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். காற்றாலைகளைக் கண்காணிக்கும் மென்பொருள் எழுதுகிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. ஜன்னலோரத்துக்காரி சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“ஏட்டி, நேரத்தையே வேண்டாம்னு தள்ளினவ நீ ஒருத்திதான்.”

“சிரிக்காத மக்கா. நம்ம புரோகிராம் ஓடுக லினக்ஸ் கண்டெய்னர் சின்னதா இருக்கட்டும்னு, கட்டாயம் வேணும்னு கம்ப்யூட்டர் சொன்ன பேக்கேஜ மட்டும் போட்டேன். இருந்தா நல்லதுன்னு காட்டினத எல்லாம் விட்டுட்டேன். அதுல நம்ம ஊர் நேரம் காட்டுக பேக்கேஜும் போச்சு. அது இல்லாம கடிகாரம் கிரீன்விச் நேரத்துல, அஞ்சரை மணிக்கூர் பின்னால ஓடிச்சு.”

“அளவு கொறஞ்சுதா?”

“பாதியாச்சு.”

“உனக்க அறிவும்தான்.”

“பத்து மணிக்கு நின்ன காத்தாடி, காலைல நாலரைக்கே நின்னதா பதிஞ்சுட்டு. மெக்கானிக் அண்ணன் கால் மணிக்கூர்ல அங்க போயிட்டாரு, ரிஜிஸ்டர்ல பத்தேகால்னு சரியாத்தான் எழுதியிருக்காரு. ஆனா கிட்டத்தட்ட ஆறு மணிக்கூர் தாமதம்னு அவருக்கு மெமோ குடுத்துட்டாங்க.”

தோழியின் சிரிப்பு நின்றது. “இப்ப என்ன செய்யப்போற?”

“அந்தப் பேக்கேஜ சேத்தாச்சு. தப்பு எனக்கதுன்னு எல்லாருக்கும் மெயில் போட்டுட்டேன்.”

“மேனேஜருக்குமா?”

“அவருக்குத்தான் மொதல்ல. ஆனா ஆரல்வாய்மொழில எறங்கி அண்ணன்ட்ட நேர்ல போய்ச் சொல்லணும்.”

ஆரல்வாய்மொழியில் மெயில் போட்டவள் எழுந்தாள். திருநெல்வேலிக்குச் சீட்டு எடுத்திருந்த தோழியும் பையைத் தூக்கிக்கொண்டாள்.

“நீ எதுக்குட்டி எறங்குக?”

“நீ வாயத் தொறக்கதுக்கு முந்தியே அழுதுருவ. மிச்சத்தச் சொல்ல ஒரு ஆள் வேணும்லா?”