செவ்வாய்க்கிழமை சிவசக்தி

— அப்போ அந்த ரெண்டு செவ்வாக்கெழமையும் ஆன்லைன் கிளாஸ்ல இருந்தது நீ இல்ல. அப்படித்தானே சிவசக்தி?

— சார்... அட்டெண்டன்ஸ் இருக்குதுங்களே சார்.

— அட்டெண்டன்ஸ் இருக்கு. ஆளு எங்கம்மா? மொத நாளே படிச்சுக் காட்டுனேன்ல? முழுப்பேரு தெரியணும், கேமரா ஓடணும், ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் உக்காரக் கூடாது. ரூலுன்னா ரூலுதான்.

— எங்கூரு கொட்டச்சேட்டுல கேமரா போட்டா சிக்னலு போயிருதுங்க சார்.

— தெரியும். லெட்டர் குடுத்த, கேமரா வேண்டாம்னு விட்டுட்டோம். நான் கேக்கறது வேற. போன செவ்வாக்கெழம நீ சாட்ல ஒரு கேள்வி போட்ட. என்ன கேள்வி, சொல்லு?

— அது வந்துங்க சார்...

— ஏம்மா, உன் கேள்வி உனக்கே தெரியாதா?

— உண்மையச் சொல்லிர்றேனுங்க சார். ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்புக்கிட்ட ஒரு லாட்ஜுல ரிசப்சன்ல வேல பாக்கறேனுங்க. சீசன் கூட்டம், ஷிப்ட் முடிய ஏழு மணி ஆயிருச்சு. எழுவத்தஞ்சு பர்சென்ட் இல்லீன்னா பரீச்ச எழுத உடமாட்டீங்கன்னு பயம். அதான் செல்போன ஊட்லயே உட்டுட்டு, கிளாஸு முடியற மட்டும் அணைக்காம வெச்சிருங்கன்னு எங்க அத்தைகிட்டச் சொன்னேனுங்க.

— அணைக்காம வெக்கச் சொன்ன. கேள்வியும் கேக்கச் சொன்னியா?

— கேள்வியா? எங்க அத்தையா? இருக்காதுங்க சார்.

— பக்கத்துல இருக்காங்களா? ஸ்பீக்கர்ல போடு.

— அத்த, செத்த இங்க வாங்க. எங்க காலேஜு சந்திரசேகர் சாரு. உங்ககிட்டப் பேசோணுமாம்.

— கும்பிடுறேனுங்க சார். பாவாயிங்க. புள்ளயத் திட்டாதீங்க, நொம்பப் பாடுபட்டுப் படிக்குது. தப்பு எம்மேலதானுங்க.

— பாவாயிம்மா, ‘ஒரு மலை எத்தன பேரத் தாங்கும்னு கணக்குப் போடறீங்களே, அதுல ஊருக்காரங்களையும் சேத்துனீங்களா?’ இத எழுதுனது நீங்களா?

— ஆமாங்க. ஏனுங்க, தப்புங்களா?

— ஏன் கேட்டீங்க?

— மே மாசம் பூ கண்காட்சிக்குக் காரு காரா ஏறி வருதுங்க. அன்னைக்கு ஆசுபத்திரிக்குப் போவோணும்னாலும் எங்கூரு பஸ்ஸு பாதி வழியில நிக்குதுங்க. நீங்க ரூமு, பார்க்கிங்கு, படகு எல்லாத்தையும் எண்ணுனீங்க. நாங்களும் இங்கதான இருக்கறோம்னு மனசு பொறுக்கல. ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தட்டிப்போட்டேனுங்க.

— பதினேழு வருசமா டூரிசம் பாடம் எடுக்கறேன். இந்தக் கேள்விய ஒருத்தரும் கேட்டதில்லம்மா.

— அத்த, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்களே நீங்க!

— நீ அலுத்துச் சலிச்சு வருவ கண்ணு. எங்க சொல்றது?

— சிவசக்தி, அந்த ரெண்டு நாளும் உனக்கு ஆப்சென்ட்.

— சரிங்க சார்.

— மூஞ்சியத் தொங்கப் போடாத. இனி ஒரு கிளாஸும் விடாம வந்தா எழுவத்தாறு பர்சென்ட் வரும். பாத்துட்டுத்தான் பேசறேன்.

— வந்துர்றேனுங்க சார்! ஷிப்ட மாத்திக்கறேன். கூட வேல பாக்கற தனலட்சுமி அக்காகிட்டக் கேட்டா ஒத்துக்குவாங்க.

— பாவாயிம்மா, நீங்க இனிமே மருமக பேர்ல உள்ள வரக் கூடாது.

— சத்தியமா வரமாட்டேனுங்க.

— உங்க பேர்ல வாங்க. அடுத்த பேட்ச்சுக்கு வெள்ளிக்கெழம வரைக்கும் அட்மிஷன் இருக்கு.

— ஐயோ சார், எங்க அத்தைக்கு நாப்பத்தெட்டு வயசுங்க.

— வயசுக்கு ரூல் கெடையாது. பன்னண்டாவது பாஸ் பண்ணியிருக்கணும், அவ்வளவுதான்.

— அங்கதானுங்க சார் இடிக்குது. அத்தையும் மாமாவும் எட்டாவதுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே படிப்புன்னு பொருத்தம் பாத்துத்தான் கட்டி வெச்சாங்களாம்.

— மாப்ள எட்டாவதுன்னதும் எங்கப்பா எனக்கு நாலு வருசப் படிப்பக் கொறச்சுச் சொல்லிப்போட்டாரு கண்ணு. ஏனுங்க சார், பன்னண்டாவது மார்க் சீட்ட எத்தன ஜெராக்ஸு எடுக்கோணும்?