இன்னும் டைப் ஆகாத கதை

— மறுபடியும் மழையாம்மா?

— எந்த மழை?

— இந்தக் கதையிலதான். அவ குடையை மறந்துட்டு பஸ் ஸ்டாப்ல நிக்கிறா. அவன் ஓடி வந்து சட்டையைக் கழட்டி அவ தலைக்கு மேல பிடிக்கிறான். இந்த வருஷம் உங்க பதிப்பகம் எங்களுக்குக் குடுத்த கதையில ஒருத்தியாவது குடை எடுத்துட்டுப் போயிருக்காளா?

— நக்கல் அப்புறம் பண்ணு. நான் புரூஃப் பாத்து முடிச்சுட்டேன். உன் ஃபிரெண்ட்ஸ் கூட்டத்தோட அபிப்பிராயம் என்னன்னு எடிட்டர் மேடம் நாளைக்குக் கேப்பாங்க. காதல் கதை படிக்கிறது உங்க வயசுப் பசங்கதானே, நீங்க சொன்னாத்தான் அச்சுக்கே போகும்.

— எங்க சோடாபுட்டிக்குப் பிடிச்சிருக்கு. கடைசி அத்தியாயத்துல அழுது, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. ஆனா அவ நன்றியுரைக்கே அழுவா, அதையெல்லாம் கணக்குல எடுத்துக்காத.

— எதுக்கெடுத்தாலும் வாதாடுவாளே உன் ஃபிரெண்ட், அந்த வக்கீல் என்ன சொன்னா?

— "இவங்க ரெண்டு பேரும் எப்போ பரீட்சைக்குப் படிக்கிறாங்க?" அவ்வளவுதான் கேட்டா. அப்புறம் கதாநாயகிக்கு ஒரு தோழி இருக்காளே, அவ பாவம்னு சொன்னா. அவளுக்கு வீடு இல்ல, அப்பா அம்மா இல்ல, தலைவலி கூட வராது. "அவன் உன்னையே பாக்குறான்டி"ன்னு சொல்றதுக்காகவே பொறந்திருக்கா.

— அது நல்லாருக்கு. எழுதிக்கிறேன். நீ என்ன நினைக்கிற?

— நானா... கதாநாயகி அழகா இருக்கா, ஊருக்கே தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. ஏன், அவ வீட்ல கண்ணாடி இல்லையா? எரிச்சலா வருதும்மா. ஆனா கீழ வைக்க முடியல. அது வேற விஷயம்.

— அடியே, அதைத்தானே முதல்ல சொல்லணும்.

— அம்மா, அந்த மேசையை இன்னும் எவ்வளவு நேரம் துடைப்ப? பலகை தேஞ்சுடும்.

— டீக்கறை.

— இந்த மேசையில டீ குடிச்சே நாளாச்சு.

— ...நீ முதல்ல காலை ஆட்டாம உக்காரு. பாக்குறவங்களுக்குத் தலை சுத்துது.

— நான் கிளம்பணும். வக்கீல் வீட்டுக்கு.

— போலாம், இரு. இன்னொரு கதை இருக்கு. அதுக்கும் உங்க அபிப்பிராயம் வேணுமாம்.

— குடு, எடுத்துட்டுப் போறேன்.

— பேப்பரே வரல. இன்னும் டைப் ஆகல. மேடம் வாயால சொன்னாங்க. நான் சொல்றேன், நீ கேட்டுட்டுச் சொல்லு.

— நீ கதை சொல்லப் போறியா? எவன் செத்தா என்ன, எவ அழுதா என்ன, காற்புள்ளி சரியா விழுந்திருக்கான்னுதானே பாப்ப.

— வாய் நீளுது உனக்கு. கேளு. ஒரு வீடு. ஒரு பொண்ணு, உன் வயசு. அவளோட அம்மா.

— அம்மா எப்போ சாவாங்க?

— அவ ஏன்டி சாகணும்?

— நாங்க படிக்கிற கதையில அம்மா ஒண்ணு செத்திருக்கணும், இல்ல வெளியூர்ல இருக்கணும். அதுவும் இல்லைன்னா கதவைத் தட்டி "சாப்பிட வா"ன்னு கூப்பிட்டுட்டுப் போயிடணும். நடுவுல வந்து நின்னா கதை நகராதும்மா.

— இதுல அம்மா நிக்கிறா. அப்பாதான் இல்ல. போய்ச் சேந்து ரொம்ப வருஷமாச்சு.

— ம்.

— என்ன "ம்"?

— சும்மா. சொல்லு.

— அந்த அம்மாவுக்கு ஒருத்தரோட பழக்கம். பழக்கம்னா... தப்பா எடுத்துக்காத. வேலை விஷயமா வீட்டுக்கு வருவார். வாட்ச் ரிப்பேர் பண்றவர்.

— ஒரு நிமிஷம். அம்மாவா கதாநாயகி?

— ஏன், இருக்கக் கூடாதா?

— இருக்கலாம். ஆனா எங்க அலமாரிக்கு வராது. வேற அலமாரி. எங்க கூட்டத்துல யாரும் தொட மாட்டாங்க.

— பொண்ணு ஒருத்தி இருக்காளே கதையில. அவளுக்காகவாவது படிக்க மாட்டீங்களா?

— பாப்போம். மேல சொல்லு.

— வருவார், டீ குடிப்பார், நாலு வார்த்தை பேசுவார், கிளம்பிடுவார். கொஞ்சம் சத்தமாப் பேசுவார், அவ்வளவுதான். மத்தபடி தங்கமான மனுஷன். வருஷக்கணக்கா மெஷின் பக்கத்துலயே நின்னு ஒரு காது மந்தம். அதனால எப்பவும் மேசைக்கு இந்தப் பக்கமாத்தான்...

— வாட்ச்ல என்னம்மா மெஷின் சத்தம்? டிக் டிக்னு அடிக்கும். அதுக்குக் காது போயிடுமா?

— அது... எழுதுறவங்க தப்பு. திருத்திக்கலாம்.

— நீ திருத்து. புரூஃப் பாக்குறவ நீதானே.

— குறுக்க குறுக்கப் பேசாத, எனக்கு விட்டுப்போகுது. அவங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல, புரியுதா? விரலைக்கூடத் தொட்டதில்ல. ஒரு நாள் அவரா கேட்டார். மிச்ச நாளை ஒண்ணாக் கழிக்கலாமான்னு.

— சத்தமாவா கேட்டார்?

— தெருவுக்கே கேட்டிருக்கும்.

— சிரிக்கிறியா நீ?

— இல்லையே... எங்க சிரிச்சேன்? அந்தப் பொண்ணு அப்போ ஸ்கூல்ல இருந்தா. அம்மா உடனே பதில் சொல்லல. பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு சொல்லிட்டா.

— கேட்டாளா?

— அங்கதான் சிக்கல். இன்னைக்குக் கேக்கலாம், நாளைக்குக் கேக்கலாம்னு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தா. அதுக்குள்ள அவர் வர்றதையே நிறுத்திட்டார்.

— எங்கம்மா எழுந்து போற?

— ஜன்னலைச் சாத்தத்தான். தூசி.

— தூசியெல்லாம் இல்ல. கூரியர் வண்டி, பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கு. இப்பல்லாம் வண்டிச் சத்தம் கேட்டாலே உனக்கு உக்கார முடியல.

— புரூஃப் கட்டு வரவேண்டியிருக்கு. அதுக்குத்தான் பாத்தேன்.

— முன்னாடி அச்சகத்துக்காரரே கொண்டு வருவார். இப்ப கூரியர்ல வருது.

— ...ஆமா. அவருக்கு வேலை ஜாஸ்தியாம்.

— கதையைச் சொல்லு.

— கதை அங்கேயேதான் நிக்குது. அவர் ஏன் வரலைன்னு யாருக்கும் தெரியல. போன் பண்ணா எடுக்கிறார், நல்லாருக்கீங்களான்னு கேக்கிறார், வெச்சுடறார். அவ்வளவு சத்தமாப் பேசுற மனுஷன் இப்ப மெதுவாப் பேசுறார். அதுதான் அவளுக்குப் புரியல.

— அவளுக்கு.

— ஆமா, அவளுக்குத்தான். நீ இவ்வளவு கதை படிச்சிருக்க, சொல்லு. இப்படி ஒருத்தர் பாதியில ஏன் போவார்?

— முக்கால்வாசியில ஒரு பிரிவு வரணும்மா. அது சட்டம். இல்லைன்னா எல்லாரும் நாப்பதாம் பக்கத்துலயே கல்யாணம் பண்ணிக்குவாங்க, மிச்சப் பக்கத்துக்கு என்ன பண்றது?

— விளையாடாத. பிரிவு எதனால வரும்?

— நிறைய வழி இருக்கு. வேற ஒருத்தி வரலாம்.

— இருக்காது.

— எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்ற?

— அந்த மாதிரி ஆள் இல்ல. அடுத்தது சொல்லு.

— தீராத வியாதி.

— ஐயோ, அதையெல்லாம் வாயில சொல்லாத. அடுத்தது.

— யாராவது நடுவுல புகுந்து எதையாவது சொல்லியிருப்பாங்க.

— யார் சொல்லப் போறா? ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாதே. எனக்கு என்ன தோணுதுன்னா... பதில் சொல்லாம இழுத்தடிச்சா பாரு, அதுதான். இவளுக்கு இஷ்டமில்ல, மரியாதைக்கு டீ போட்டுக் குடுக்கிறான்னு அவர் நினைச்சிருப்பார். தப்பு அவ மேலதான். தலை பாதி வெளுத்தாச்சு, இந்த வயசுல ஆசை ஒண்ணுதான் கேடுன்னு...

— அம்மா, அழாத.

— யார் அழறா? பொடி எழுத்தாப் பாத்துப் பாத்து கண்ணு எரியுது.

— அவ மேல தப்பு இல்ல.

— உனக்கென்ன தெரியும்? சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தப் பொண்ணுகிட்ட கேட்டிருந்தா... அவ என்ன சொல்லியிருப்பா?

— வேண்டாம்னு.

— வேண்டாம்னா சொல்லியிருப்பா?

— வேண்டாம்னுதான் சொல்லியிருப்பா. நாம ரெண்டு பேரும் நல்லாத்தானே இருந்தோம், இவர் எதுக்குன்னு. அப்பா நாற்காலியில உக்காந்து டீயை உறிஞ்சுறார்னு. அம்மா சிரிக்கிறது உள்ரூம் வரைக்கும் கேக்குது, என்கிட்ட ஒரு நாளாவது அப்படிச் சிரிச்சிருக்காளான்னு. பொறாமைதாம்மா. வேற என்ன?

— சரி, விடு. நடந்தது நல்லதுக்குத்தான். இந்தக் கதை தேறாதுன்னு மேடம்கிட்ட சொல்லிடறேன். நீ கிளம்பு, வக்கீல் காத்துக்கிட்டிருப்பா.

— நான் வக்கீல் வீட்டுக்குப் போகல.

— பின்ன? செருப்பை மாட்டிக்கிட்டு அப்பலேருந்து வாசலையே பாத்துக்கிட்டிருக்க?

— அச்சகத்துக்குப் போறேன்.

— அங்க உனக்கு என்ன வேலை?

— நடுவுல கத்தக் கூடாது. முழுசாக் கேளு. எல்லாக் கதையிலயும், வராதேன்னு சொன்னா ரெண்டு அத்தியாயம் கழிச்சு அவன் வாசல்ல வந்து நிப்பான். விரட்டினாலும் வருவான், திட்டினாலும் வருவான். வக்கீலுக்கு அது பிடிக்காது. ஒருத்தி வேண்டாம்னா போயிடணும், அதை எப்படிக் காதல்னு எழுதுறாங்கன்னு சண்டைக்கு வந்தா. நான்தான் எதிர்த்துப் பேசினேன். திரும்பி வர்றவன்தான் நிஜமா ஆசைப்படுறவன்னு.

— இப்ப அதெல்லாம் எதுக்கு? என்ன பண்ணித் தொலைச்ச?

— புரூஃப் கட்டு குடுக்க அவர் கடைசியா வந்த அன்னைக்கு நீ குளிச்சுக்கிட்டிருந்த. நான்தான் கதவைத் திறந்தேன். இனிமே வராதீங்க, எங்கம்மாவை விட்டுடுங்கன்னு சொன்னேன். காதுல விழலையோன்னு, நல்லாக் கேக்குற பக்கமா வந்து நின்னு இன்னொரு தடவை சொன்னேன்.

— அடிப்பாவி... அவர் என்ன சொன்னார்?

— தலையை ஆட்டினார். கட்டை வெச்சுட்டுப் போயிட்டார். நிஜமா வேணும்னா எப்படியும் வருவார்னு நினைச்சேன்மா. தினம் ஸ்கூல் விட்டு வந்து நானும் வாசலைத்தான் பாக்குறேன். இன்னைக்குப் போய் நானே கூட்டிட்டு வந்துடறேன், நீ டீ போடு... சொன்ன பேச்சைக் கேட்டுட்டுப் போற ஆளை நான் எந்தப் புத்தகத்துல படிச்சிருக்கேன், சொல்லு?