தங்கை வீட்டு மண்

உட்காரச் சொன்னதற்கு நன்றி, ஐயா. எனக்கு முழங்கால் வலி உண்டு. நின்றுகொண்டே பேசினால் பாதி விஷயம் மறந்துபோகும்.

அந்த இடத்தில் முன்பு என் பட்டறை இருந்தது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குவோம். அமிலத்தை எங்கே கொட்டினாய் என்று கேட்கிறீர்கள். மண்ணில்தான். மண் எழுந்து வந்து புகாரா கொடுக்கப்போகிறது? பட்டறையை மூடியபிறகு அதன்மேல் சின்னதாக ஒரு வீடு கட்டினேன். விஷயம் தெரிந்த யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சும்மா பூட்டிக்கிடப்பானேன் என்று தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். "எங்க அண்ணன் குடுத்த வீடு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அவளுக்குத் தோட்டப் பைத்தியம். மண்வெட்டியோடு இறங்கியவள் அன்றைக்கே போன் செய்தாள்.

"அண்ணா, எவ்வளவு தோண்டினாலும் ஒரு மண்புழுகூட இல்ல. மண்ணுல ஏதோ கோளாறு. டெஸ்ட்டுக்குக் குடுத்துப் பாக்கட்டுமா?"

நாலு எழுத்து படித்துவிட்டால் இதுதான் தொல்லை. "வெயிலுக்கு அடியில போயிருக்கும்மா. தண்ணி விடு, தானா மேல வரும்," என்றேன். மறுநாள் தூண்டில் கடையில் ஒரு டப்பா புழு வாங்கி, அவள் குழந்தையோடு கடைக்குப் போயிருந்த நேரத்தில் பாத்தியில் விட்டு மூடினேன்.

திரும்பி வந்து தோண்டிப் பார்த்தவளுக்கு வாயெல்லாம் பல். டெஸ்ட் பேச்சு அதோடு போயிற்று. குழந்தை ஒரு பிடி மண்ணை அள்ளி வாயில் போட்டது. அவள் பதறினாள். "விடும்மா, கொஞ்சம் மண்ணு பட்டாத்தான் எதிர்ப்பு சக்தி வரும்," என்று நான்தான் சொன்னேன்.

புழுக்கள்தான் காலை வாரப் பார்த்தன. கொஞ்ச நேரத்திலேயே நெளிந்து நெளிந்து மேலே வந்து சிமெண்ட் தரைக்கு ஓடின. "ஏண்ணா எல்லாம் வெளிய வருது?" என்றாள். தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றேன். நம்பினாள். அண்ணன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சே கிடையாது.

பிறகு கீரை போட்டாள். நன்றாகவே வந்தது. குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தது, இளைத்தது, சொல்லிக்கொண்டிருந்த சொற்களையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டது. ரத்தம் போதவில்லையோ என்று இவள் இன்னும் கொஞ்சம் கீரை ஊட்டினாள். ரத்தத்தில் ஈயம் என்று டாக்டர் சொன்னபிறகுதான் என்னைத் தேடி வந்தாள்.

"தெரிஞ்சும் ஏண்ணா சொல்லல?"

"சொல்லியிருந்தா உன் மனசு கஷ்டப்பட்டிருக்கும்மா."

உண்மையைத்தான் சொன்னேன். அதற்கு அவள் என் முகத்தில் துப்பிவிட்டாள்.

ஆனால் என்னைக் கல்நெஞ்சன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா. புழுக்கள் மேலே வந்த அன்று, அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதும், அந்தப் புழுக்கள் துடித்த துடிப்பு எனக்குத் தாங்கவில்லை. ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்து என் வீட்டுத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டேன். அது சுத்தமான மண். வாயில்லா ஜீவன்கள், பாவம், அவற்றை அந்த வீட்டில் எப்படி விட்டுவிட்டு வருவது?