கப்பல் அறையில் ஆச்சி

உங்கள் பேச்சில் மதுரை வாடை அடிக்கிறது, தம்பி. மொழிபெயர்க்க ஆள் வருகிறார் என்றதும், யாராவது புத்தகத் தமிழ் பேசிக் கழுத்தறுப்பார் என்று பயந்தேன். போலீஸ்காரருக்கு நிதானமாகவே சொல்லுங்கள், எனக்கு அவசரமில்லை.

என் பெயர் லூயி. அப்பா காரைக்கால்காரர், கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். வியட்நாம் போரில் சைகோன் கைமாறியபின் சொந்தபந்தமெல்லாம் பிரான்சுக்குப் போய்விட்டது. மனைவி மரி இறந்தபின் தமிழில் ஒரு வார்த்தை பேச நாதியில்லை. கண்ணாடியைப் பார்த்துப் பேசியிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

ஊர் நடுவே, முதல் டிஸ்ட்ரிக்டில், என் ஹோட்டலைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் அறையும் ஒரு தினுசு. ஒன்று ரப்பர் தோட்டத்துரை பங்களா, ஒன்று பழைய சலூன், ஒன்று கப்பல் கேபின். கேபினில் வட்ட ஜன்னல், சுவரோடு ஒட்டிய கட்டில், ஒலிபெருக்கியில் அலைச் சத்தம். வெள்ளைக்காரர்கள் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவர்கள் போவதில் எனக்கு வருத்தமே இல்லை.

ராக்கம்மை ஆச்சி காரைக்குடியிலிருந்து வந்தார், இந்த ஊர்க் கோயிலில் இருக்கிற தண்டாயுதபாணியைக் கும்பிட. கப்பல் அறையைக் கேட்டு வாங்கினார்.

“எங்க ஐயா கப்பல்லதான் இந்த ஊருக்கு வந்தாக. நானும் அதுல படுத்துப் பாக்குறேன்” என்றார்.

காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்தால் மதியம்வரை பேச்சுதான். என் தமிழைக் கேட்டுவிட்டு, “பிரெஞ்சுக்காரன் கொழம்பு வச்ச மாதிரி இருக்கு” என்பார். என்னைக் கிண்டல் செய்ய ஓர் ஆள் இருப்பது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்திய இரவு, பாலில் என் தூக்க மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். நன்றாகத் தூங்கினார். விமானம் போய்விட்டது. யாருக்கும் நஷ்டமில்லை, டிக்கெட்டை நானே மாற்றிக் கொடுத்தேன்.

“முருகன்தான் புடிச்சு நிறுத்திட்டான், தம்பி. சஷ்டி வருது, வெரதம் இருந்துட்டே போறேன்” என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

விரதம் என்றால் நான் கண்டது தவக்காலம். கறியை ஒதுக்குவோம், சோற்றை ஒதுக்க மாட்டோம். வெங்காயம்கூடப் போடாமல் நானே சமைத்து அறைக்கு அனுப்பினேன். தட்டு காலியாகத் திரும்பி வந்தது. அதையெல்லாம் கூட்டிப் பெருக்குகிற பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, ஆச்சி வெறும் பாலோடு கிடந்தது எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் அவருக்கு விமானம் என்பதால், சூரசம்ஹாரம் முடிந்த அன்று இரவு பாலில் மாத்திரையைக் கூடுதலாகப் போட்டேன். போன தடவை கொஞ்சம் முன்னால் விழித்திருந்தால் விமானத்தைப் பிடித்திருப்பார் அல்லவா?

காலையில் போனபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குச் சொன்னால் கொண்டுபோய்விடுவார்கள். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். மத்தியானத்துக்குப் பிறகு மூச்சுச் சத்தம் இல்லை. ஏசியைக் கூட்டி வைத்துவிட்டுப் பேசினேன். மறுநாளும் பேசினேன். காரைக்காலைப் பற்றி, மரியைப் பற்றி, எல்லாம். ஆச்சி பொறுமையாகக் கேட்டார்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் அவரை ஒரு நிமிடமும் தனியாக விடவில்லை, அதையும் எழுதச் சொல்லுங்கள்.

போன வருடம் என் ஹோட்டலில் தங்க வந்த ஒரு காரைக்கால்காரரைப் பற்றி இந்தப் போலீஸ்காரர் கேட்கவே இல்லையே. அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்கிறேன், இன்று வேண்டாம். நாளைக்கும் நீங்கள்தானே வருவீர்கள், தம்பி?