கோர்வைத் தறியின் அந்தப் பக்கம்

வேனில் ஜன்னலோர இடத்தைத் தங்கைக்குத்தான் கொடுத்தேன். அவளுக்கு வாந்தி வரும். எலுமிச்சம்பழம், துண்டு, வெந்நீர் எல்லாம் என் பையில் இருந்தன. இதை முதலில் சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர் மேடம். அவளை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் பெயர் தையல்நாயகி. தங்கை சங்கரி. அப்பா அம்மா போன பிறகு காஞ்சிபுரத்து வீட்டில் நாங்கள் இருவர், ஒரு தறி. கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். புடவையின் உடலை நான் நெய்வேன். மறு ஓரத்தில் உட்கார்ந்து, கரைக்கான நூல் சுற்றிய நாடாவை அவள் விடுவாள். பேச்சே கிடையாது. நான் "ம்" என்பேன், அந்தப் பக்கத்திலிருந்து நாடா வரும். எதற்கு என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

தை மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை மாணிக்கவாசகம், வாலாஜாபாத்தில் அரிசி ஆலை வைத்திருப்பவர். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முகூர்த்தப் புடவையை நாங்களே நெய்துகொண்டிருந்தோம்.

கடலோரத்தில் மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த பழைய நகரம் ஒன்றைப் பார்க்கத் தெருக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்தார்கள். பக்கத்து வீட்டு துர்காதேவி வழியெல்லாம் சங்கரியைக் கிண்டல் செய்துகொண்டே வந்தாள்.

"கல்யாணப் பொண்ணே, வேன வாலாஜாபாத்துக்குத் திருப்பச் சொல்லட்டா?"

"நீ வேற துர்கா. அந்த மில்லு சத்தத்துல எனக்குத் தூக்கமே வராது போலிருக்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்னாள். அதை எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.

வீடுகளின் செங்கல் சுவர்கள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. சுற்றிக் காட்டியவர் யுவன் என்ற வழிகாட்டி.

"இங்க இருந்தவங்கல்லாம் எங்க போனாங்க?" என்று துர்காதேவி கேட்டாள்.

"ஒரே நாள்ல போவலக்கா. ஒவ்வொரு வீடா காலி பண்ணிக்கினு போயிருப்பாங்க."

அப்படியானால் கடைசியாக ஒரு வீடு இருந்திருக்கும். அதில் ஒருத்தி தனியாக இருந்திருப்பாள். மற்றவர்கள் நகர்ந்த பிறகும் நான் அந்தச் சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நகரத்தின் கோடியில் ஒரு கிணறு. அதன் வாய் தரையோடு தரையாக இருந்தது. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். "கயித்தத் தாண்டாதீங்கக்கா, அடி எங்க இருக்குதுன்னு எங்களுக்கே தெரியாது" என்றார் யுவன். பிறகு எல்லோரும் சாப்பிட மரத்தடிக்குப் போனார்கள். ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று சங்கரியை நான் நிறுத்தினேன். அவள் எனக்கு முதுகு காட்டி, தலைப்பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அதற்குள் கயிற்றின் முடிச்சை அவிழ்த்து ஓரமாகப் போட்டேன். தறிக்காரியின் விரலுக்கு முடிச்சு பெரிய வேலை இல்லை.

"கெணறும் வருதாக்கா?" என்று கேட்டுக்கொண்டே கிணற்றுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கொஞ்சம் பின்னால போ."

போனாள். முதுகில் கயிறு தட்டும் என்று நினைத்திருப்பாள்.

"ம்" என்றேன். இன்னும் ஓர் அடி வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இனித் தரை இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"ம்" என்றேன்.

என் கை அவள்மேல் படவில்லை. நீங்கள் கேட்பது அதுவல்ல என்பதும் புரிகிறது. ஆமாம், அவளைக் கொன்றது நான்தான். கீழேயிருந்து ஒருமுறை "அக்கா" என்று கேட்டது. நான் மரத்தடிக்குப் போய் எல்லோரோடும் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டேன். "சங்கரி எங்க?" என்று துர்காதேவி கேட்டாள். "வந்துக்கினு இருக்குறா" என்றேன்.

முகூர்த்தப் புடவை பாதியில் நிற்கிறது. நேற்று நீங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் தறியில் உட்கார்ந்தேன். பழக்கத்தில் "ம்" என்றேன். அந்தப் பக்கத்து நாடா அசையவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனது இதுதான் முதல் தடவை.